விருந்தாளி இருந்தால் புத்தகம் வேண்டாம்

பையை இந்தக் கல்லு மேல வைங்க தம்பி. கையில பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க. கீழ வேணாம், தரை ஈரமா இருக்கு. கல்லு மேல வைங்க, அது அதுக்குத்தான் இருக்கு.

சுமைதாங்கிதான். உங்க ஊர்ப் பக்கம் ரோட்டோரம் பாத்திருப்பீங்க. அந்தக் காலத்துல மலை மேல இருந்து வாழைத்தாரும் மிளகு மூட்டையும் தலைச்சுமையா கொண்டு வர்றவங்க, இன்னொரு ஆள் கை குடுக்காமலே இறக்கி வச்சு மூச்சு வாங்கிக்கிட்ட கல்லு. எங்க மடத்தை ஆரம்பிச்ச சாமி இந்தக் கல்லைப் பாத்துட்டுத்தான் இங்கயே இடம் வாங்கினாராம். வர்றவங்க சுமையை வாசல்ல இறக்கணும், உள்ள இருக்கிற நாங்க அதைத் தூக்கிக்கணும். இறக்கி வச்சதுக்கு அப்புறம் விருந்தாளி தன் பையைத் தானே தொடக் கூடாது. அதுதான் இங்க சட்டம்.

விருந்தாளியா வரலைன்றீங்களா? இந்த வாசல்ல கால் வச்சவங்க எல்லாரும் விருந்தாளிதான் தம்பி. போலீஸ்காரங்க வந்தாங்க, அவங்களுக்கும் இலை போட்டுத்தான் அனுப்பினோம்.

என் பேர் தொபியாஸ். பிரதர் தொபியாஸ்னு கூப்பிடுவாங்க. விருந்தாளிகளைக் கவனிக்கிறது என் பொறுப்பு. மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நான் பஸ்ல கண்டக்டர். ஒரு ஆள் பையைப் பிடிச்சிருக்கிற பிடியைப் பாத்தாலே எங்க ஏறினான், எங்க இறங்குவான், வீட்டுல சண்டையா, சாவு விழுந்திருக்கான்னு சொல்லிருவேன். நீங்க சீனிவாசகன். அருப்புக்கோட்டை. தனுஷ்கோடியோட மச்சினன். சரிதானே? அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அவர் உடம்பை வாங்க எல்லாரும் வேனை விட்டு இறங்கினாங்க, நீங்க மட்டும் டிரைவர் பக்கத்துல உக்காந்தபடியே இருந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அக்கா போன்ல சொன்னாங்க. அவர் துணிமணியை வாங்கிக்கணும், எப்படி நடந்துச்சுன்னு நேர்ல கேட்டுட்டு வரணும், அதானே? உக்காருங்க. எல்லாம் சொல்றேன். பெரிய சாமி கோயில்ல இருக்காரு, மணி அடிச்சப்புறம்தான் வருவாரு. பெரிய சாமின்னா எங்க மடத்துத் தலைவர். நீங்க வந்த பஸ் இந்நேரம் பாதி மலை இறங்கியிருக்கும். இனி நாளைக்குத்தான் பஸ். மழையும் வருது. அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது?

வர்ற வழியில கிணத்துப் பக்கம் போகலையே? நல்லது. அங்க பாதை பாசி பிடிச்சுக் கிடக்கு. இப்ப ஊத்துத் தண்ணிதான் எடுக்கிறோம், கொஞ்சம் செம்மண் நிறமா இருக்கும். காய்ச்சினதுதான், பயப்படாம குடிங்க. சுக்குக் காப்பி. தனுஷ்கோடிக்கு ரொம்பப் பிடிக்கும்.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இல்லேன்னா நீங்க எங்களைத் தப்பா நினைச்சுக்குவீங்க.

வெளிய இருக்கிறவங்க என்ன நினைக்கிறாங்க? மடத்துச் சாமியாருங்க எந்நேரமும் அமைதியா ஆனந்தமா இருக்காங்க, நாமளும் ரெண்டு நாள் போய் இருந்தா நமக்கும் கொஞ்சம் கிடைக்கும்னு நினைக்கிறாங்க. யாரும் எங்க பக்கம் இருந்து யோசிக்கிறதில்லை. கஷ்டத்துல கிடக்கிறவன் கடவுளைக் கூப்பிடுற பாட்டுகளைத்தான் நாங்க தினமும் பாடுறோம். தண்ணி கழுத்து மட்டும் வந்துருச்சு, காப்பாத்துன்னு பாடுறோம். எங்க கழுத்து வரைக்கும் என்ன தண்ணி வந்துச்சு? வேளாவேளைக்குச் சோறு வருது. பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, சாவு இல்லை. வாய் பாட்டுக்குப் பாடும், மனசு எங்கயோ நிக்கும். எரோணிமுஸ்னு ஒரு பிரதர் இருக்காரு, எல்லாரையும் விட மூத்தவர். ஜெபத்துல உக்காந்தா குறட்டை விடுவாரு. அவரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தோம், அப்புறம் அதுவும் அலுத்துப்போச்சு. வறண்டு போறதுன்னா என்னன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது தம்பி. அழுகையாவது வராதான்னு ஏங்கியிருக்கேன்.

அப்பப் பெரிய சாமிதான் பழைய சட்டத்தைத் தேடி எடுத்தாரு. சாப்பிடுறப்ப நாங்க பேச மாட்டோம். ஒருத்தர் நின்னுக்கிட்டு ஞானப் புத்தகம் வாசிப்பாரு, மத்தவங்க கேட்டுக்கிட்டே சாப்பிடுவோம். மடத்தை ஆரம்பிச்ச சாமி என்ன எழுதி வச்சிருந்தாருன்னா, விருந்தாளி இருந்தால் புத்தகம் வேண்டாம், அவரே அன்றைய வாசகம். அவ்வளவுதான். புத்தகத்தை மூடிட்டு விருந்தாளியைப் பெரிய சாமி பக்கத்து நாற்காலியில உக்கார வச்சு, என்ன சுமையோட வந்தீங்கன்னு கேப்போம். அவரு சொல்வாரு, நாங்க கேப்போம். கேட்டதைக் கொண்டுபோய் இரவு ஜெபத்துல கடவுள் முன்னாடி வைப்போம்.

அது எப்படி இருந்துச்சுன்றீங்க? ஒரு பல் டாக்டர் வந்தாரு. அம்மாவைக் கடைசி வரைக்கும் போய்ப் பாக்கலைன்னு சொல்லி அழுதாரு. அன்னிக்கு ராத்திரி ஜெபத்துல எரோணிமுஸ் பிரதர் கண்ணு முழிச்சு உக்காந்திருந்தாரு. நாங்க பாடின பாட்டுல ஒவ்வொரு வார்த்தையும் உசிரோட இருந்துச்சு. அதுல இருந்து விருந்தாளி வர்ற நாள்னா எங்களுக்குத் திருநாள் மாதிரி. வர்றவங்களுக்கு நாங்க ஏதோ குடுக்கிறோம்னு அவங்க நினைச்சுக்கிட்டுப் போறாங்க. நெஜத்துல அவங்கதான் எங்களுக்குச் சோறு போடுறாங்க. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

உங்க மச்சான் ஐப்பசி மழையில வந்தாரு. இதே கல்லு மேலதான் பையை வச்சாரு. சின்ன ரெக்சின் பை. மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், சும்மா ரெண்டு மூணு நாள் இருந்துட்டுப் போகலாம்னு மச்சினன் அனுப்பிவிட்டான்னாரு. கிறிஸ்தவர் இல்லைங்க, இருக்கலாமான்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். கஷ்டத்துக்கு என்ன மதம்?

முதல் நாள் சாப்பாட்டுல ஒண்ணும் சொல்லலை. கையைத் தொடைக்கு நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, மறைக்கலை. மறுநாள் எங்க கிணத்து மோட்டாரைப் பாத்து, சத்தம் சரியில்லைன்னு அவரே கழட்டிச் சரி பண்ணிக் குடுத்தாரு. கிணத்துல எட்டிக்கூடப் பாக்கலை, திரும்பி நின்னுக்கிட்டே வேலை பாத்தாரு. கவனிச்சேன். இவரு சுமை அந்தப் பக்கந்தான் இருக்குன்னு பெரிய சாமி காதுல போட்டேன். அன்னிக்குச் சாயந்திரம் பெரிய சாமி மெதுவா, "கிணத்துல என்ன தம்பி?"ன்னாரு. அவ்வளவுதான். கொட்டிட்டாரு.

உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். அவர் தம்பி கோட்டைச்சாமி. தோட்டத்துக் கிணத்துல மோட்டார் குழாய் அடியில இருக்கிற ஃபுட்வால்வு அடைச்சுக்கிச்சுன்னு இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டுத் தம்பி இறங்கியிருக்கான். மேல அண்ணன் பிடிச்சிருக்காரு. திரும்ப ஏறி வர்றப்பக் கல்லு பேந்து தம்பி தொங்கிட்டான். அண்ணேன்னு கூப்பிட்டிருக்கான். இவரு கையில கயிறு வழுக்கிருச்சு. கீழ பாறை.

அதைச் சொல்லிட்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நாங்களும் அழுதோம். தம்பி, அந்த ராத்திரி ஜெபத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆழத்துல இருந்து ஒருத்தன் கூப்பிடுறான்னு பாடினப்ப எனக்கு அந்தக் கிணறே கண்ணுல தெரிஞ்சுச்சு. இத்தனை வருஷம் பாடினது அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. உங்க மச்சான் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தாரு. மூஞ்சி தெளிஞ்சிருந்துச்சு. வெளிய வந்து, "மனசு லேசா இருக்கு பிரதர், காலையில பஸ்ஸுக்குக் கிளம்புறேன்"னாரு.

அந்த ராத்திரியிலதான் மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சு. பாத்தீங்களா? நாங்க யாரும் கேக்கலை, கடவுளாப் பாத்துத் தடுத்தாரு.

மறுநாள் சாப்பாட்டுல பெரிய சாமி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "தம்பி, நேத்து சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க"ன்னாரு. இவர் தயங்கினாரு. சொன்னதுதானே சாமின்னாரு. நாங்க ஜெபம் பண்றதுக்கு இன்னும் விவரம் வேணும்னு நான்தான் எடுத்துச் சொன்னேன். மேலோட்டமா ஜெபம் பண்ணினா ஒட்டாது. டாக்டர்கிட்டப் போனா எங்க வலிக்குதுன்னு அழுத்திப் பாக்கிறாரா இல்லையா? அப்படித்தான்.

அப்புறம் தினமும் சொன்னாரு. எங்க பிரதருங்க எவ்வளவு அன்பாக் கேட்டாங்க தெரியுமா? ஜெபத்துல தூங்குற எரோணிமுஸ் பிரதர் முன்னாடி வந்து உக்காந்துக்கிட்டு, "நார்க்கயிறா, நைலானா?"ன்னாரு. நைலான், புதுசு, அதான் வழுக்கிருச்சுன்னாரு இவர். "கை ஈரமா இருந்துச்சா? தம்பி எத்தனை தடவை கூப்பிட்டான்? நீங்க பதில் சொன்னீங்களா?" ஒருத்தர் கேக்காததை இன்னொருத்தர் கேப்பாங்க. ஒவ்வொரு நாளும் புதுசா ஒண்ணு வெளிய வரும். ஜெபமும் அன்னன்னிக்கு ஆழமாப் போகும். எங்களுக்குள்ள இருந்த சின்னச் சின்னச் சண்டையெல்லாம் அந்த மாசம் காணாமப் போச்சு. சமையல்ல உப்பு கூடிப்போச்சுன்னுகூட யாரும் முகம் சுளிக்கலை. ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம். பெரிய சாமி என்கிட்ட, "தொபியாஸ், இந்த மனுசனை ஆண்டவர்தான் நமக்கு அனுப்பியிருக்காரு"ன்னு கண்ணு கலங்கச் சொன்னாரு.

ஒரு கேள்வியிலதான் எல்லாம் வந்து நின்னுச்சு. வழுக்கிருச்சா, விட்டுட்டீங்களா? பெரிய சாமி கேட்டாரு. வழுக்கிருச்சு சாமின்னாரு. மறுநாளும் கேட்டாரு. வழுக்கிருச்சுன்னுதான் நினைக்கிறேன்னாரு. நினைக்கிறேன்னா என்ன அர்த்தம்? அப்ப முழுசா இறக்கலை. பாதிச் சுமையை இறக்கி வச்சுட்டுப் போனா அது கழுத்தை ஒரு பக்கமா இழுக்காதா? நான் பஸ்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

அவரு மெலிஞ்சுட்டாருதான். போலீஸும் அதைக் கேட்டாங்க. நாங்க பட்டினி போடலை, அவருக்குத்தான் சோறு இறங்கலை. தட்டுல பிசைஞ்சுக்கிட்டே இருப்பாரு, நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம். கையை வேட்டியில தொடைச்சுக்கிட்டே இருக்கிற பழக்கம் ஒண்ணு வந்துச்சு. ஊருக்குப் போறேன் ஊருக்குப் போறேன்னு என் பின்னாடியே திரிஞ்சாரு. ரோடு அடைச்சிருக்கே, எப்படிப் போவீங்கன்னு சொன்னேன்.

அக்கா போன் பண்ணினாங்க, ஆமா. செல்போனுக்கு இங்க டவர் கிடையாது, ஆபீஸ் போன் ஒண்ணுதான். நான்தான் எடுத்தேன். மௌனத்துல இருக்காரும்மா, இப்பப் பேச்சு வேணாம், நல்ல மாத்தம் தெரியுதுன்னு சொன்னேன். பொய் இல்லையே. மாத்தம் தெரிஞ்சுதானே இருந்துச்சு?

ரோடா? ரோட்டைக் கிறிஸ்து அரசர் திருநாளுக்கு முந்தி சரி பண்ணிட்டாங்க. பொக்லைன் வந்து மண்ணை அள்ளிருச்சு. நான் உடனே சொல்லலைதான். திருநாள் முடியட்டும், நல்ல சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு இருந்தேன். இதுல என்ன தப்பு? விருந்தாளியைத் திருநாள் அன்னிக்கு யாராவது அனுப்புவாங்களா? அப்படி முறைக்காதீங்க தம்பி. காப்பி ஆறுது.

திருநாள் அன்னிக்குத்தான் அது நடந்துச்சு. சாயந்திரம் சாப்பாட்டுக்குப் பெரிய சாமி மாட்டுக் கொட்டில்ல இருந்து நைலான் கயித்தைக் கொண்டு வரச் சொன்னாரு. வாயால சொல்ல முடியாததைக் கையால காட்டட்டும்னு ஒரு யோசனை. எனக்கு நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. ஒரு முனையை அவர் கையில குடுத்துட்டு மறு முனையை நான் பிடிச்சுக்கிட்டேன். நான்தான் கோட்டைச்சாமி.

முதல்ல அவர் பிடிக்க மாட்டேன்னாரு. எல்லாரும் எந்திரிச்சு அவரைச் சுத்தி நின்னு தோளைத் தொட்டோம். எவ்வளவு பெரிய தைரியம் குடுக்கிற விஷயம் அது, யோசிச்சுப் பாருங்க. அப்புறம் பிடிச்சாரு. நான் கூடத்துக் கடைசிக்குப் போய் உடம்பு பாரத்தை எல்லாம் போட்டு இழுத்துக்கிட்டு, அண்ணேன்னு கூப்பிட்டேன். எனக்குக் கண்டக்டர் தொண்டை, சும்மா கூப்பிட்டாலே நாலு தெருவுக்குக் கேக்கும். அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டேன். அவர் பிடிச்சாரு தம்பி. காலை ஊணிக்கிட்டு அப்படிப் பிடிச்சாரு. கழுத்து நரம்பு புடைச்சு நின்னுச்சு. நான் இன்னும் இழுத்தேன். அவர் என் மூஞ்சியைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே ரெண்டு கையையும் விரிச்சுட்டாரு.

நான் மல்லாக்க விழுந்தேன். இன்னும் இடுப்பு வலி இருக்கு.

"விட்டுட்டேன் சாமி"ன்னாரு. "கை வலிச்சுச்சு. விட்டுட்டேன்."

பெரிய சாமி போய் அவர் ரெண்டு உள்ளங்கையிலயும் முத்தம் குடுத்தாரு. நாங்க எல்லாரும் வரிசையாப் போய் முத்தம் குடுத்தோம். எரோணிமுஸ் பிரதர் குழந்தை மாதிரி அழுதாரு. அன்னிக்கு ஜெபம் இருக்கே, அதை நான் சொல்லக் கூடாது. சில விஷயத்தைச் சொன்னா குறைஞ்சிரும். கடவுள் எங்க நடுவுல வந்து உக்காந்திருந்தாரு, அவ்வளவுதான் சொல்லுவேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையிலேயே வந்ததில்லை.

அவர் ஜெபத்துக்கு வந்தாரான்னா கேக்கிறீங்க? வந்திருப்பாரு. நான் திரும்பிப் பாக்கலை.

காலையில மோட்டார் போடப் போன பிரதர்தான் பாத்துட்டு ஓடி வந்தாரு. கிணத்துல கிடந்தாரு உங்க மச்சான். மோட்டாரைப் பாக்கப் போயிருப்பாரு, படி வழுக்கியிருக்கும். போலீஸும் அப்படித்தான் எழுதிக்கிட்டாங்க. கயித்தையும் கொண்டு போயிருந்தாரு. கொட்டில் கயிறுதான், கிணத்து மேட்டுல அழகாச் சுருட்டி வச்சிருந்துச்சு. நனையலை.

எதுக்கு அப்படிப் பாக்கிறீங்க? குதிச்சாரா, விழுந்துட்டாரான்னு கேட்டா நான் என்ன சொல்றது? வழுக்கிருச்சு தம்பி. வழுக்கிருச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். செத்துப்போன மனுசனை இப்படிக் கிளறுறது நல்லாவா இருக்கு? கிளறி என்ன ஆகப்போகுது, அக்காவுக்குத் தூக்கம் வரப்போகுதா? ஒரு துக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு நோண்டுறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது. நீங்க படிச்சவர் மாதிரி தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?

கோவிச்சுக்காதீங்க. நானும் மனுசன்தானே. அவர் குடிச்ச டம்ளர்லதான் உங்களுக்குக் காப்பி குடுத்திருக்கேன். வேற யாருக்கும் அதைக் குடுக்கலை. குடுக்க யாரும் வரவும் இல்லை. போலீஸ் வந்துபோன இடம்னு பேர் ஆகிப்போச்சு. அதுக்கப்புறம் ஒரு விருந்தாளி இந்தப் படி ஏறலை தம்பி. கிறிஸ்மஸ் வரப்போகுது, ஒருத்தர் இல்லை. திரும்பவும் புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறோம். எரோணிமுஸ் பிரதர் திரும்பவும் குறட்டை விடுறாரு. நேத்து ரசத்துல புளி கூடிருச்சுன்னு ரெண்டு பேருக்குச் சண்டை. பெரிய சாமி சாப்பிடவே மாட்டேங்குறாரு, அந்த நாற்காலியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. நாங்க எவ்வளவு பசியில இருக்கோம்னு உங்களுக்குத் தெரியாது.

இன்னிக்கு நீங்க பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வர்றதை நான் மேல இருந்தே பாத்துட்டேன். பையை எப்படிப் பிடிச்சிருந்தீங்க தெரியுமா? நெஞ்சோட. துணிமணி வாங்கிக்க வர்றவங்க வெறும் பையை அப்படிப் பிடிக்க மாட்டாங்க. உடனே போய்ப் பெரிய சாமிகிட்டச் சொல்லிட்டேன். அவர் முகம் எப்படி மலர்ந்துச்சுன்றீங்க.

பை எங்கன்னா தேடுறீங்க? உள்ள கொண்டு போயாச்சு. நாம பேசிக்கிட்டு இருக்கிறப்பவே பிரதர் வந்து எடுத்துட்டுப் போனாரு, நீங்க கவனிக்கலை. உங்க மச்சான் இருந்த அறைதான். செல்போனும் அதுல இருக்கா? இருக்கட்டும், இங்க அது வெறும் டப்பாதான். நடந்தே இறங்குறீங்களா? ஓடையில தண்ணி ஏறியிருக்கும். இருட்டப் போகுது. விளையாட்டா என்ன?

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். திருநாளுக்கு முந்தி ஒரு நாள் ஆபீஸ் போன்ல உங்களைக் கூப்பிட்டாரே, ஞாபகம் இருக்கா? நான் பக்கத்துலதான் நின்னேன். வந்து கூட்டிட்டுப் போ சீனி, எப்படியாவது வந்து கூட்டிட்டுப் போன்னாரு. நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேக்கலை. ரொம்ப நேரம் காதுல வச்சிருந்துட்டுப் போனை வச்சாரு. "மச்சினன் இருக்கச் சொல்றான்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கப்புறம் ஊருக்குப் போறேன்னு அவர் என்கிட்டக் கேக்கவே இல்லை.

என்ன சொன்னீங்க தம்பி? கடையில வேலையா இருந்தீங்களா? நேரம் இல்லைன்னீங்களா? இல்லை, சும்மா எரிச்சல்ல...

இருங்க இருங்க, இங்க சொல்லாதீங்க. வாசல்ல வச்சு வீணாக்க வேணாம். எனக்கு மட்டும் சொன்னாத் தப்பு, எல்லாருக்கும் சேர வேண்டியது. அழுங்க, அழுகையைத் தொடைக்காதீங்க, அப்படியே வாங்க.

மணி அடிச்சுட்டாங்க, கேக்குதா? எல்லாரும் உக்காந்திருப்பாங்க. புத்தகத்தை மூடியாச்சு. எந்திரிங்க, நான் கையைப் பிடிச்சுக்கிறேன், படி வழுக்கும். பயப்பட ஒண்ணும் இல்லை தம்பி. முதல் நாள் கொஞ்சமாச் சொன்னாப் போதும்.